சுரங்கப் பாதை மன்னர்

அந்தப் பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் சலவைப் பிரிவு இருந்தது. மேல் மாடிகளில் படுத்து எழுந்தவர்களின் விரிப்புகளும் தலையணை உறைகளும் துவாலைகளும் காலை முழுவதும் தள்ளுவண்டிகளில் வந்து குவியும். குவிந்ததைக் கறை பார்த்துப் பிரித்து, எது வெந்நீருக்கு, எது பச்சைத் தண்ணீருக்கு, எது இனிமேல் துடைதுணிக்கு என்று சொல்வது மேற்பார்வையாளரின் வேலை. அந்த மேற்பார்வையாளர் சரித்திர நாவல்கள் எழுதுகிறவர். அதனால் அங்கே எல்லோரும் அவரை மன்னர் என்றார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். அவர் அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார். அந்த அளவுக்கு அவருக்குத் தன்மேல் மரியாதை இருந்தது.

மன்னரைப் பொறுத்தவரை எழுத்து என்று ஒன்று உண்டென்றால் அது ராஜா கதைதான். வாள் வேண்டும், புரவி வேண்டும், சதியும் சபதமும் வேண்டும். மற்றதெல்லாம் குப்பை. காதல் கதை, மூக்குச் சிந்துகிறவர்களுக்கு. துப்பறியும் கதை, ரயிலில் தூக்கம் வராதவனுக்கு. கவிதை என்பது வரி முடிவதற்குள் சோம்பல் வந்துவிட்டவன் எழுதுவது. பயணக் கட்டுரையா, ஊருக்குப் போனோமா வந்தோமா என்று இருக்கத் தெரியாதவன் வேலை. சிறுவர் கதை எழுதுகிறவன் முதலில் வளர்ந்துவிட்டு வரட்டும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தார். எதையும் படித்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு அல்ல. படிக்காமலே தெரிகிறதாம்.

வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்ட அலமாரி ஒன்று, எப்போதும் பூட்டியிருக்கும். அதற்குள் ராஜா கதைகள் மட்டும். அவர் எழுதியவையும் பிறர் எழுதியவையும். மனைவி வாங்குகிற நாவல்களுக்கு அலமாரியில் இடம் கிடையாது. அவை குளிர்பதனப் பெட்டியின் தலையில் மருந்துச் சீட்டுகளோடு கிடக்கும். மாமியாரும் அவர்களோடுதான் இருந்தார். அவருக்குப் பேய்க் கதை என்றால் உயிர். புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

"அத்தை, பேய்க் கதை படிச்சுப் படிச்சு உங்க முகத்துலயே அந்தக் களை வந்துடுச்சு" என்றார் மன்னர் ஒருநாள்.

"அப்ப ராஜா கதை எழுதுற உங்க முகத்துல ராஜ களை வந்திருக்கணுமே மாப்பிள்ளை. சோப்புத் தூள் வாசனைதானே வருது" என்றார் மாமியார், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

மன்னர் வேலைக்குப் புறப்பட்டார். பேய்க் கதை படிக்கிறவர்களோடு வாதம் செய்வது தன் தகுதிக்குக் குறைவு என்பது அவர் எண்ணம்.

வார இதழ் ஒன்றில் அவருடைய தொடர்கதை பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முடிந்தால் அடுத்த வாரமே இன்னொன்று. பழைய ஆசிரியர் நல்ல மனிதர். அதாவது, எதையும் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிறவர். அவர் ஓய்வுபெற்ற பிறகு ஓர் அம்மாள் ஆசிரியராக வந்தார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அச்சுக்குப் போவதைப் படித்துப் பார்ப்பார்.

அவர் கூப்பிட்டனுப்பியபோது, புதிய தொடரைப் பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் போனார் மன்னர். டயர் கடைக்கு மேலே இருந்தது அலுவலகம். ரப்பர் வாசனை படியேறி மேலே வரும். ஆசிரியையின் மேசையைச் சுற்றிப் பிரிக்காத புத்தகப் பொட்டலங்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே பேசினார்.

"உக்காருங்க சார். உங்க பழைய தொடர்களை எல்லாம் எடுத்துப் படிச்சேன்."

"எல்லாத்தையுமா?" மன்னருக்கு நெஞ்சு விரிந்தது.

"எல்லாத்தையும். ஒரு சந்தேகம். எல்லாக் கதையிலயும் இளவரசி நிலா வெளிச்சத்துல சுரங்கப் பாதை வழியா தப்பிச்சுப் போறா. ஒவ்வொரு தடவையும் கையில தீப்பந்தம், ஒவ்வொரு தடவையும் வாசல்ல ஒரு குதிரை. சுரங்கத்துக்குள்ள நிலா வெளிச்சம் எப்படி வந்துச்சுன்னு நான் கேக்கல. அந்தப் பாதையில டிராஃபிக் ஜாஸ்தி ஆயிடுச்சேன்னுதான் கேக்கறேன்."

பின்னால் கணினியில் இதழின் பக்கங்களை வடிவமைத்துக் கட்டிக்கொண்டிருந்தவன் இருமினான். அது இருமல் இல்லை.

"சரித்திர நாவல்னா சுரங்கம் இருக்கும்மா. நான் படிச்ச எல்லா நாவல்லயும் இருக்கு" என்றார் மன்னர்.

"அதேதான் நானும் சொல்றேன். அவங்க கதையை நீங்க படிக்கிறீங்க, உங்க கதையை அவங்க படிக்கிறாங்க. அரைச்ச மாவையே ஆளுக்குக் கொஞ்சம் அரைக்கிறீங்க. வேற என்ன படிப்பீங்க?"

"வேறயா? எதுக்கு?"

ஆசிரியை பிஸ்கட்டை மென்று முடிக்கும்வரை அவரையே பார்த்தார். இரக்கத்தோடு பார்த்திருந்தால்கூட மன்னர் தாங்கியிருப்பார். அந்தப் பார்வை, விரிப்பில் வெளுக்காத கறையை அவரே பார்க்கிற பார்வையாக இருந்தது. தொடர் அந்த மாதத்தோடு நின்றது. அதற்குப் பதிலாக, வருகிற புத்தகங்களைப் பற்றி நாலு நாலு வரி எழுதிக் கொடுக்கும் வேலை இருக்கிறது, வேண்டுமானால் செய்யலாம் என்றார் ஆசிரியை. அடியில் பெயர் போடுவார்கள்.

பெயர் போடுவார்கள் என்பதற்காக ஒப்புக்கொண்டார். குப்பைகளைப் பற்றி நாலு வரி எழுத, குப்பையைக் கிளற வேண்டுமா என்ன? அட்டையைப் பார்ப்பார், தலைப்பைப் பார்ப்பார், பின்னட்டையைக்கூடத் திருப்பமாட்டார். சலவை மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் ஒரு மூட்டைப் புத்தகங்களுக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார். வாசகர்களுக்கு அது பிடித்தும் போனது. ஒருவர் இன்னொருவரைத் திட்டுவதைப் படிக்க யாருக்குத்தான் கசக்கும்?

'வீட்டுக்குள் ஒரு கொலையாளி' என்று ஒரு புத்தகம் வந்தது. மன்னர் எழுதினார்: "மலிவான மர்மக் கதை. கொலையாளி யார் என்பது மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கதாநாயகனுக்கு வீரமும் இல்லை, வேகமும் இல்லை. ஆசிரியர் இந்த ஆசையை விட்டுவிட்டு வேறு தொழில் பார்க்கலாம்."

இதழ் வெளியான வாரம் ஆசிரியை மறுபடி கூப்பிட்டனுப்பினார். போனால், மேசைமேல் கைப்பேசி, ஒலிபெருக்கியில் ஒரு குரல்.

"நீங்கதானா அது? மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சிடுதுன்னு எழுதினவரு?"

"ஆமா, நான்தான். ரகசியத்தைக் கடைசி வரைக்கும் காப்பாத்தத் தெரியலையே உங்களுக்கு."

"நான் எதுக்குங்க காப்பாத்தணும்? அது உப்புங்க! உப்பு! நான் டாக்டர். ரத்தக் கொதிப்பைப் பத்தின புத்தகம். யார் கொல்றாங்கன்னு மூணாம் பக்கத்துல சொல்லாம, நோயாளி போய்ச் சேர்ற வரைக்கும் ஒளிச்சு வைக்கணுமா?"

மன்னர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் தொடர்ந்தார்.

"கதாநாயகனுக்கு வேகம் இல்லன்னு வேற எழுதியிருக்கீங்க. யாரைச் சொல்றீங்க? சிறுநீரகத்தையா?"

பக்கம் கட்டுகிறவன் இந்த முறை இருமவில்லை. நாற்காலியோடு சரிந்து சிரித்தான். ஆசிரியை சிரிக்கவில்லை. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு, அவருடைய மறுப்பை அப்படியே அச்சிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, மன்னர் பக்கம் திரும்பினார்.

"சார், திட்டுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா படிச்சுட்டுத் திட்டுங்க. படிக்காமத் திட்றதுக்கு எங்க பெரியப்பா இருக்காரு. ஒரு தேநீர் குடுத்தா போதும், ஊர் உலகத்தையே திட்டுவாரு."

மறுப்பு அச்சில் வந்தது. அன்றைக்குச் சலவைப் பிரிவில் ஒருவரும் வேலை செய்யவில்லை. விரிப்புகளை உருளை மெஷினில் கொடுத்து இஸ்திரி போடுகிற உருளை இஸ்திரிக்காரி, ஒரு முனையைப் பிடித்தபடி, "மன்னா, உப்பைச் சிறையில அடைச்சாச்சா, இல்ல தலையை வாங்கியாச்சா?" என்றாள். வீட்டில் மாமியார், சாப்பிட உட்கார்ந்தவரிடம் உப்பு ஜாடியை மெல்ல நகர்த்தி, "பாத்து மாப்பிள்ளை, ஆயுதம் வச்சிருக்கும்" என்றார். மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சமையலறைக்குள் போய்ச் சிரித்த சத்தம் நன்றாகவே கேட்டது.

மானம் போன பிறகு மனிதனுக்கு இரண்டு வழி. ஒன்று, ஒதுங்கிவிடலாம். இன்னொன்று, ஆத்திரப்படலாம். மன்னர் ஆத்திரப்பட்டார். இனி எந்தப் பயலும் தன்னை மடக்க முடியாதபடி ஒவ்வொரு புத்தகத்தையும் எழுத்து விடாமல் படித்து, வேரோடு பிடுங்கித் திட்டுவது என்று முடிவு செய்தார். சலவைப் பிரிவில் துணி மடிக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டு, ஆவி மூக்கில் ஏற ஏற உட்கார்ந்து படித்தார்.

முதலில் படித்தது ஒரு துப்பறியும் நாவல். கொன்றது காவலாளிதான் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்து, பக்க ஓரத்தில் 'அற்பம்' என்று எழுதிவைத்தார். கடைசியில் பார்த்தால் கொன்றது வைத்தியரின் மனைவி. மன்னருக்குக் கோபம் வந்தது. ஆசிரியன் பொய் சொல்லியிருக்கிறான், பிடித்துவிடலாம் என்று முன்பக்கங்களைப் புரட்டினார். பொய் இல்லை. கொட்டுகிற மழையில் வந்ததாகச் சொன்னவளின் குடை காய்ந்திருந்தது என்று பட்டப்பகலில் எழுதிவைத்திருந்தான். அவர்தான் அதைத் தாண்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். அவருடைய நாவல்களில் ஒற்றன் வந்தால் ஓரக்கண்ணால் விஷமமாகச் சிரித்துவிட்டுத்தான் உட்காருவான்; பார்வையில்லாதவனுக்கும் தெரியும். அன்று அவர் எழுதிய நாலு வரி இப்படி முடிந்தது: "அற்பமான கதை. இதே ஆசிரியரின் அடுத்த நூல் எப்போது வரும் என்று பதிப்பாளர் தெரிவிக்கவில்லை."

அடுத்தது காதல் கதை. அதை வீட்டில் வைத்துப் படித்தார். அதில் ஒரு வாள்வீச்சு இல்லை, ஒரு சபதம் இல்லை. அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் நடுத்தர வயதுக்காரர்கள் இரண்டு பேர். அவளுடைய ஏணியை அவர் இரவல் வாங்கியிருக்கிறார். திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டுப் படியேற இனி காரணம் கிடையாது. இதையே பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள் அந்தப் புண்ணியவதி. இதுவும் ஒரு கதையா என்று சலித்துக்கொண்டே படித்தவர், ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் புறப்பட்ட இடத்தில் வாய்விட்டு, "குடுக்காதேய்யா" என்றார்.

காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப்பார்த்தாள்.

"என்னங்க, கண்ணு கலங்கியிருக்கு?"

"சலவைத் தூள் ஒத்துக்கல."

"இங்க ஏதுங்க சலவைத் தூள்? அது நான் ரெண்டு தடவை படிச்ச புத்தகம். ஏணி விஷயம்தானே?"

மன்னர் புத்தகத்தை மூடிவிட்டு, நடை சரியில்லை என்றார். அவள் கத்தியைத் திரும்ப எடுத்தாள். "இத்தனை வருஷமா ராணிங்களை எழுதுறீங்க. ஒருத்திகூட ராஜாகிட்ட கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருந்ததில்லையே. எந்த ஊர்லங்க இருக்காங்க அப்படிப் பொம்பளைங்க?"

சிறுவர் புத்தகம் ஒன்று வந்தது. மழைக்குப் பயப்படுகிற தவளையின் கதை. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, இதிலிருந்து வேண்டாத வார்த்தை ஒன்றை நீக்கிக் காட்டி ஆசிரியனை அசிங்கப்படுத்தலாம் என்று பேனாவோடு உட்கார்ந்தார். எதை நீக்கினாலும் கதை நொண்டியது. அவருடைய நாவல்களில் புரவி லாயத்தைவிட்டு வெளியே வருவதற்கே அரைப் பக்கம் ஆகும். இப்படியே மூட்டு வலி, மலையேற்றம், கடல் பயணம், பல் பாதுகாப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் திட்டிக்கொண்டே தின்றார். நாலு வரி எட்டு வரியாகி, பத்தாகி, ஆசிரியை கத்தரிக்கோலை எடுக்க வேண்டிவந்தது. தன்னை யாராவது "ரசிக்கிறீங்க போல" என்று கேட்டிருந்தால் அடித்திருப்பார்.

ஒருநாள் பொட்டலத்தில் அவருடைய நாவலே வந்துவிட்டது. பதிப்பாளர் மறுபதிப்புப் போட்டு, மற்ற இதழ்களுக்கு அனுப்புவதுபோல இங்கேயும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். அட்டையில் அதே இளவரசி, அதே குதிரை. மன்னர் அதை ஆசையோடு பெஞ்சுக்குக் கொண்டுபோனார். நல்ல எழுத்து என்றால் என்னவென்று ஒரு மாறுதலுக்காகப் பார்ப்போமே என்று.

முதல் அத்தியாயத்தில் ஒற்றன் ஓரக்கண்ணால் சிரித்தான். மன்னர் முகம் சுளித்தார். கோட்டை பல மாதம் முற்றுகையில் கிடந்தது. உள்ளே ஒருவருக்கும் பசிக்கவில்லை. ராஜாவுக்கு வயது ஐம்பதுக்கு மேல். மதிலேறிக் குதித்தார், முழங்கால் ஒன்றும் ஆகவில்லை. ராணி "நாதா" என்றாள், அதற்குமேல் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இளவரசி சுரங்கத்துக்குள் போனாள். அதற்குச் சாவி யாரிடம் இருந்தது, எப்படி அவள் கைக்கு வந்தது, யாரும் கேட்கவில்லை. படிக்கப் படிக்க அவருக்கு உடம்பு எரிந்தது. யாரோ ஒரு முட்டாள் தன் பெயரைப் போட்டு எழுதிவிட்டான் என்று நினைத்துக்கொள்ளக்கூட முயன்றார். ஒவ்வொரு வாக்கியமும் அவர் கையெழுத்தாகவே இருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் கோட்டைக்குள் உப்பு என்ன, அடுப்பே கிடையாது.

உருளை இஸ்திரிக்காரி ஈரத் துணியோடு வந்து நின்று, "என்ன சார், முகம் செத்துப்போச்சு?" என்றாள். அவர் கையை மட்டும் ஆட்டினார். பிறகு பேனாவை எடுத்தார்.

அடுத்த நாள் ஆசிரியை அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அதில் இருந்தது இது: "இந்நூலாசிரியர் அரண்மனையைப் பார்த்ததில்லை, அது குற்றமல்ல. சமையலறையையும் பார்த்ததில்லை, மனைவியின் முகத்தையும் பார்த்ததில்லை, தன் சொந்த முழங்காலையும் பார்த்ததில்லை. தன்னைப்போல் எழுதுகிறவர்களை மட்டுமே படித்து, தன்னைப்போலவே தொடர்ந்து எழுதியிருக்கிறார். கண்ணாடியைப் பார்த்துக் கண்ணாடி வரைந்தவர். இதை மறுபதிப்புச் செய்த பதிப்பாளரின் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். நூலில் இருக்கும் ஒரே வீரம் அதுதான்."

"நிஜமாவே போடவா சார்?"

"போடுங்க. ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. அடியில என் பேரு வரணும்."

பதிப்பாளர் போனில் குதித்தார். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே! யாராவது வாங்குவானா இனிமே?" மன்னர், வாங்குகிறவனுக்கு நல்ல புத்தி வரட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார். அவருக்கு ஒன்றும் அது வேடிக்கையாக இல்லை. வாழ்நாளில் பெருமை என்று இருந்த ஒரே பொருளைத் தானே துடைதுணிக் குவியலில் தூக்கிப் போட்டிருந்தார். பல நாள் பேனாவைத் தொடவில்லை. வீட்டில் மாமியார்கூட அந்த நாட்களில் வாயைக் கட்டிக்கொண்டார்.

பிறகு எழுத உட்கார்ந்தார். மறுபடியும் ராஜா கதைதான். அதைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தக் கோட்டையில் முற்றுகையின்போது முதலில் தீர்ந்தது உப்பு. ராஜாவுக்கு மூட்டு வீங்கியிருந்தது. சிம்மாசனத்திலிருந்து எழுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்து, யாரும் கவனிக்காதபோது கைப்பிடியை ஊன்றிக்கொள்வார். ராணி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். காரணம் போர் அல்ல. விருந்தாளிகள் முன்னால் அவள் அண்ணனைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தை. காட்டிக்கொடுத்தவன் யார் என்பதைக் கண்டுபிடித்தவள் அரண்மனையில் துணி வெளுக்கிறவள். இத்தனை காலம் அரண்மனைகளை எழுதியும், அங்கேயும் யாரோ விரிப்பு வெளுத்திருப்பார்கள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. காயம் பட்டதாகப் படுத்திருந்தவனின் விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டாள் அவள். ரத்தமென்றால் இளகியிருக்கும். அது இளகவில்லை, துருக் கறை; காயமே பொய். அந்தக் கறையை மூன்றாவது அத்தியாயத்திலேயே வெளிச்சத்தில் வைத்துவிட்டு, மன்னர் ஒன்றும் தெரியாதவர்போல மேலே எழுதிக்கொண்டு போனார்.

ஆசிரியை அதைத் தொடராகப் போட்டார். பாராட்டெல்லாம் சொல்லவில்லை. "இந்த ராணி எப்ப பேசுவா?" என்று மட்டும் கேட்டார், அடுத்த வாரத்துக்கான பக்கங்களைக் கையில் வாங்கும் முன்பே. பழைய வாசகர்கள் பலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். ராஜாவுக்கு மூட்டு வலியாவது என்று எழுதினார்கள். புதிதாகச் சிலர் வந்தார்கள். ஓட்டல் சலவைப் பிரிவில் துணி மடிப்பவர்கள் இதழை உரக்கப் படித்து, காட்டிக்கொடுத்தவன் யார் என்று பந்தயம் கட்டினார்கள். எழுதினவர் அங்கேயே நிற்க, அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. மாமியார் முதன்முறையாக மருமகன் எழுதியதைப் படித்துவிட்டு, "பேய் ஒண்ணு இருந்திருக்கலாம். இருந்தாலும் பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

இதனால் மன்னர் பணிவானவர் ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அவருடைய ஏளனம் அப்படியேதான் இருந்தது. ஆள் மட்டும் மாறியது. ஓய்வுபெற்ற வரி அதிகாரி ஒருவர், பழைய நண்பர், கவிதைத் தொகுப்பு ஒன்றோடு முன்னுரை கேட்டு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டே, "நான் கவிதையைத் தவிர வேற எதையும் தொடறதில்ல சார். உரைநடை படிச்சா நடை கலப்படம் ஆயிடும்" என்றார்.

மன்னர் தொகுப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிலா, அடுத்த பக்கத்தில் மௌனம், அதற்கடுத்த பக்கத்தில் நிலாவின் மௌனம்.

"நீங்க வரி ஆபீஸ்ல எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"வேலை பார்த்த காலம் பூராவும் அங்கதான்."

"எத்தனை பேர் உங்க மேசைக்கு முன்னால நின்னு அழுதிருப்பாங்க, பொய் சொல்லியிருப்பாங்க. அதுல ஒருத்தர்கூட இதுல இல்லையே. நிலா என்னிக்காவது வரி கட்டாம ஏமாத்திச்சா?"

நண்பருக்கு முகம் சிவந்தது. "அதெல்லாம் கவிதையாகுமா சார்?"

"ஒரு சமையல் குறிப்பைப் படிச்சிருந்தீங்கன்னாகூடத் தெரிஞ்சிருக்கும், எது ஆகும் எது ஆகாதுன்னு. ஒண்ணுமே படிக்காம நடையை மட்டும் பத்திரமா வச்சிருக்கீங்க. அதை நீங்களே வச்சுக்குங்க. முன்னுரை வேண்டாம்."

நண்பர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதன் பிறகு அவர் வரவில்லை. தெருவில் பார்த்தாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

"முன்னாடி புத்தகத்தைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க. இப்ப வீட்டுக்கு வந்த மனுஷனையே திட்றீங்க" என்றாள் மனைவி, பாதித் தேநீரை எடுத்துக்கொண்டு.

"அந்த ஆளுகிட்ட யாராவது சொல்லணுமில்ல?"

"சொல்றதுக்கு ஒரு முறை இருக்குங்க."

இருக்கலாம். மன்னருக்கு அது தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் எதுவும் இன்னும் பொட்டலத்தில் வரவில்லை. கண்ணாடி அலமாரி இப்போது பூட்டப்படுவதில்லை. உள்ளே எது இருக்கிறது என்று அவருக்கே தெரியாத அளவுக்குக் கலந்து கிடக்கிறது. நண்பர் எழுந்து போனதற்கு மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன், அந்த வாரத்துப் பொட்டலத்தைப் பிரித்தார். மேலே இருந்தது புறா வளர்ப்புப் பற்றிய ஒரு கனமான புத்தகம்.

"புறாவுக்கு இவ்வளவு பெரிய புத்தகமா? வேலையத்தவன்" என்றார். செருப்பைக்கூட மாட்டாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திருப்பினார்.